சேர்ந்தால் ஓர் இலை: ஒன்றோடொன்று பொருந்தும் ஓட்டப் பதக்கங்கள்

"தோட்டத்து ஓட்டத்துக்குப் பதக்கம் செய்தீர்களே, அதைப் பற்றி மலருக்கு ஒரு கட்டுரை எழுதிக் கொடுங்கள்" என்று மலர்க் குழுவினர் கேட்டபோது சற்றுத் தயங்கினேன். நான் எழுத்தாளன் அல்லன். ஈப்போவில் முப்பது ஆண்டுகள் பொறியியல் வரைபடம் கற்பித்து ஓய்வு பெற்றவன். ஆயினும் எங்கள் முதல் முயற்சி தோற்ற விதமும், அதைத் திருத்திக் கொண்ட விதமும் இதுபோன்ற ஓட்டங்களை நடத்த எண்ணும் மற்ற ஆலயக் குழுக்களுக்கும் இளைஞர் மன்றங்களுக்கும் பயன்படும் என்பதால் எழுத உடன்பட்டேன்.

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் நான் பிறந்த தோட்டம் இன்று இல்லை. லயங்கள் இடிக்கப்பட்டுவிட்டன. பால்மரங்கள் இருந்த இடத்தில் ஒரு பாதி செம்பனை. மறுபாதி வீடமைப்புப் பகுதி. பெரட்டுக்களம் இருந்த இடத்தில் கார்கள் நிற்கின்றன. கோயில் ஒன்றுதான் இருந்த இடத்திலேயே இருக்கின்றது. ஆண்டுக்கு ஒருமுறை திருவிழாவுக்கு ஈப்போ, புந்தோங், கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று பல இடங்களிலிருந்தும் பழைய தோட்டத்து மக்கள் வந்து கூடுகிறார்கள். வந்தவர்கள் கும்பிட்டுச் சாப்பிட்டுப் போய்விடாமல், பிள்ளைகள் தம் பெற்றோர் பால் வெட்டிய நிலத்தை ஒருமுறை காலால் சுற்றி வரட்டும் என்ற எண்ணத்தில், 2019ஆம் ஆண்டு திருவிழாவுக்கு முதல்நாள் காலையில் ஓர் ஓட்டம் ஏற்பாடு செய்தோம். வயதானவர்கள் ஒரு கிலோமீட்டர் நடப்பது, சிறுவர்கள் மூன்று கிலோமீட்டர், பெரியவர்கள் ஐந்து கிலோமீட்டர் ஓடுவது என்று முடிவாயிற்று. பதக்கம் செய்யும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

துண்டுகளாகப் பிரிந்த பதக்கம்

கடையில் கிடைக்கும் பதக்கத்தை வாங்கி, பின்னால் ஒரு காகிதத்தை ஒட்டிக் கொடுத்துவிடலாம். அது மறுநாளே மேசை இழுப்பறைக்குள் போய்விடும். வீட்டில் மூன்று பேர் ஓடினால் மூன்று பேருக்கும் ஒரே மாதிரி மூன்று பதக்கம். ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் உறவு இல்லை. நாங்கள் விரும்பியதோ உறவைக் காட்டும் பதக்கம். தாத்தா பாட்டிக்கு ஒன்று, பெற்றோருக்கு ஒன்று, பிள்ளைக்கு ஒன்று; மூன்றையும் சேர்த்தால் ஒரே உருவம் வரவேண்டும்.

இந்த எண்ணம் உலகத்துக்குப் புதியதன்று. 1760களில் லண்டனைச் சேர்ந்த ஜான் ஸ்பில்ஸ்பரி என்பவர், தேசப்படத்தை மரப்பலகையில் ஒட்டி நாடு நாடாக அறுத்து, பிள்ளைகள் சேர்த்துப் பார்த்துப் பூகோளம் படிக்கும்படி விற்றார். இன்றைய பட அடுக்கு விளையாட்டின் மூதாதை அதுதான். பதக்கத்திலும் இதற்கு நல்ல முன்மாதிரி உண்டு. 2010ஆம் ஆண்டு கனடாவின் வான்கூவர் நகரில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்கில், கோரின் ஹன்ட் என்ற பூர்வகுடிக் கலைஞர் ஒரு பெரிய திமிங்கல ஓவியம் வரைந்தார். ஒவ்வொரு பதக்கத்திலும் அந்த ஓவியத்தின் வெவ்வேறு துணுக்கு பொறிக்கப்பட்டது. ஆகவே ஒருவர் பெற்ற பதக்கம் போல இன்னொருவருக்கு இல்லை. முழு ஓவியமும் அச்சிட்ட பட்டுத் துணி ஒன்றும் வெற்றியாளருக்குக் கொடுக்கப்பட்டது. தம் துணுக்கு எந்த இடத்துக்கு உரியது என்று அவர் அதில் பார்த்துக்கொள்ளலாம். அதே ஆண்டு மாற்றுத்திறனாளர் ஒலிம்பிக்குக்கு அண்டங்காக்கை ஓவியம் அதே முறையில் பயன்பட்டது.

வான்கூவர் பதக்கங்கள் கருத்தால் சேர்ந்தவை. கையால் சேர்த்துப் பூட்டக் கூடியவை அல்ல. எங்கள் பதக்கம் மேசைமேல் வைத்து அழுத்தினால் ஒன்றோடொன்று கவ்வ வேண்டும் என்று நினைத்தோம். அங்கேதான் வேலை கடினமாயிற்று.

என்ன உருவம்? என்ன பொருள்?

உருவத்தைத் தேடி அலையத் தேவை இருக்கவில்லை. பால்மரத்தின் இலையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: ஒரே காம்பின் நுனியில் மூன்று சிற்றிலைகள். பேரா மாநிலத்துக்கும் இம்மரத்துக்கும் உள்ள தொடர்பு மிகப் பழையது. 1876இல் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குப் போன விதைகளிலிருந்து வளர்ந்த கன்றுகள் 1877இல் சிங்கப்பூர் வந்து, அவற்றுள் சில கோலகங்சாரில் நடப்பட்டன. அக்காலத்து மரம் ஒன்று இன்றும் அந்நகரில் பாதுகாக்கப்படுகின்றது. நம் முன்னோர் கப்பலேறி வந்ததற்கும் இந்த மரமே பெருங்காரணம்.

அந்த இலையை அந்த மரத்தின் பலகையிலேயே வெட்டினால் என்ன என்று தோன்றியது. பால்மரம் ஏறக்குறைய 25 முதல் 30 ஆண்டுகள் பால் தந்தபின் வெட்டி வீழ்த்தப்படும். முன்பெல்லாம் அது விறகுக்குத்தான் போகும். வெட்டிய சில நாள்களுக்குள் பூஞ்சணம் பிடித்து நீலம் பாரித்துவிடும் என்பதாலும், பூச்சி அரித்துவிடும் என்பதாலும் தச்சர்கள் அதைத் தொடமாட்டார்கள். போரான் கலந்த மருந்தை அழுத்தத்தில் ஏற்றி, சூளையில் உலர்த்தும் முறை வந்தபிறகு கதை மாறியது. 1980களிலிருந்து மலேசிய மரத் தளவாட ஏற்றுமதியின் பெரும்பகுதி இம்மரத்தை நம்பியே வளர்ந்தது. இளமஞ்சள் நிறம், நெருக்கமான நார், மிதமான கனம். நம் வீட்டு நாற்காலியும் பிள்ளைகளின் மேசையும் ஒரு காலத்தில் யாரோ ஒருவர் பால் வெட்டிய நிரையாக இருந்திருக்கலாம்.

வெட்டும் கதிர்

இப்படிப்பட்ட நுண்ணிய வெட்டுக்கு லேசர் இயந்திரமே ஏற்றது. ஈப்போவில் விளம்பரப் பலகை செய்யும் கடைகளில் இவை சாதாரணமாக இருக்கின்றன. முதல் லேசரை 1960ஆம் ஆண்டு மே மாதம் 16ஆம் தேதி அமெரிக்காவில் தியோடர் மைமன் இயக்கிக் காட்டினார். மரத்தையும் அக்ரிலிக் தகட்டையும் வெட்டப் பயன்படுவது கரியமிலவாயு லேசர். அதை 1964இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கண்டுபிடித்தவர் குமார் பட்டேல் என்ற இந்தியர். மகாராஷ்டிர மாநிலத்துப் பாராமதியில் பிறந்து, புனே பொறியியல் கல்லூரியில் படித்துச் சென்றவர். இதை நான் மாணவர்களிடம் தவறாமல் சொல்வதுண்டு.

இந்த லேசரின் ஒளி கண்ணுக்குத் தெரியாது. அதன் அலைநீளம் 10.6 மைக்ரோமீட்டர். மரம் இவ்வொளியை நன்றாக உறிஞ்சிக்கொள்ளும். கதிரை ஒரு வில்லையால் குவித்து ஒரு புள்ளியில் பாய்ச்சும்போது அவ்விடத்து மரம் நொடிக்கும் குறைந்த நேரத்தில் புகையாகிவிடும். கணினியில் வரைந்த கோட்டின் வழியே அந்தப் புள்ளி நகர்ந்துகொண்டு போனால் அதுவே வெட்டு. பளபளப்பான உலோகம் இவ்வொளியைப் பெரும்பாலும் திருப்பி அனுப்பிவிடும். ஆகையால் பித்தளைப் பதக்கம் வேண்டுவோர் ஏறக்குறைய 1.06 மைக்ரோமீட்டர் அலைநீளமுள்ள இழை லேசரிடம் போகவேண்டும்.

இரண்டு எச்சரிக்கைகளை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பி.வி.சி. தகட்டை இந்த இயந்திரத்தில் ஒருநாளும் வெட்டக் கூடாது. அதிலிருந்து வரும் குளோரின் கலந்த புகை நுரையீரலையும் கெடுக்கும், இயந்திரத்தையும் அரிக்கும். மரத்தை வெட்டும்போது இயந்திரத்தை விட்டு அகலக் கூடாது. சில விநாடிகளில் தீப்பிடித்துவிடும்.

கதிர் தின்னும் அளவு

ரம்பத்தால் அறுத்தால் ரம்பத்தின் கனத்துக்கு மரம் தூளாகப் போகும் என்பது எல்லாத் தச்சருக்கும் தெரியும். லேசர் கதிருக்கும் ஒரு கனம் உண்டு. மூன்று மில்லிமீட்டர் பலகையில் அது ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர் மரத்தைத் தின்றுவிடும். இது அற்பமாகத் தோன்றலாம். பொருந்தும் பதக்கத்தின் வாழ்வும் சாவும் இந்த 0.2 மில்லிமீட்டரில்தான் இருக்கின்றது.

கணக்கு இதுதான். பதக்கத்தின் ஒரு பக்கத்தில் நாக்கு, மறு பக்கத்தில் அந்த நாக்கு நுழையும் குழி. இரண்டையும் ஒரே அளவில் வரைந்து வெட்டினால், நாக்கு இரு பக்கமும் 0.1 வீதம் தேய்ந்து 0.2 மில்லிமீட்டர் ஒல்லியாகிவிடும். குழியோ இரு பக்கமும் 0.1 வீதம் விரிந்து 0.2 மில்லிமீட்டர் அகன்றுவிடும். மொத்தத்தில் 0.4 மில்லிமீட்டர் இடைவெளி. சேர்த்தால் கடகடவென்று ஆடும், தூக்கினால் விழுந்துவிடும்.

இதற்கு மருந்து எளிது. பதக்கத்தின் வெளிக்கோடு முழுவதையும் வெளிப்புறமாக 0.1 மில்லிமீட்டர் தள்ளி வரையவேண்டும். வெளிக்கோட்டை வெளியே தள்ளினால் நாக்கு தானாகப் பருக்கும். குழி தானாகச் சுருங்கும். கதிர் தின்றதுபோக எஞ்சுவது சரியான அளவாக இருக்கும். வரைபட மென்பொருள் எல்லாவற்றிலும் இந்த வசதி உண்டு.

ஆனால் நீங்கள் பயன்படுத்தும் இயந்திரம், அந்தப் பலகையில், அன்றைய வேகத்தில் எவ்வளவு தின்னும் என்பதை யார் சொல்வது? கடைக்காரர் சொல்லும் எண்ணை நம்ப வேண்டாம். இருபது மில்லிமீட்டர் சதுரங்கள் பத்தைத் தனித்தனியே வெட்டச் சொல்லுங்கள். பத்தையும் இடைவெளியின்றி வரிசையாக அடுக்கி மொத்த நீளத்தை அளந்து பாருங்கள். 200 மில்லிமீட்டர் இருக்கவேண்டியது 198 இருந்தால், ஒரு சதுரத்துக்கு 0.2 மில்லிமீட்டர் போயிருக்கிறது. ஒரு சதுரத்தை மட்டும் அளந்தால் கைத்தவறு நேரும்; பத்தைச் சேர்த்து அளந்தால் தவறு பத்தில் ஒன்றாகிவிடும்.

முதல் ஆண்டு நேர்ந்தது

இவ்வளவும் கணக்குப் போட்டுத்தான் 2019இல் பதக்கங்களை வெட்டினேன். இடச்சிற்றிலை பிள்ளைக்கு, நடுச்சிற்றிலை பெற்றோருக்கு, வலச்சிற்றிலை முதியவர்க்கு. நான்கு மில்லிமீட்டருக்கு இழைத்த ரப்பர் மரப்பலகை. கடையில் மூன்றைச் சேர்த்துப் பார்த்தேன். பெட்டிக்கு மூடி போட்டாற்போல் பொருந்தின. மகிழ்ச்சியோடு வீட்டுக்குக் கொண்டுவந்து, அழகுக்காகவும் பாதுகாப்புக்காகவும் எல்லாவற்றையும் வார்னிஷில் முக்கி எடுத்துக் கொடியில் காயப் போட்டேன். அதுதான் நான் செய்த முதல் தவறு.

வார்னிஷ் ஒரு முகத்தில் 0.05 மில்லிமீட்டர் கனம் ஏறினாலும், நாக்குக்கு இரண்டு பக்கம், குழிக்கு இரண்டு பக்கம் என்று நான்கு படலம் சேர்கிறது. நான்கு மடங்கு 0.05 என்பது 0.2 மில்லிமீட்டர். நானோ இடைவெளியே வைக்கவில்லை. போதாததற்கு முதல்நாள் இரவு நல்ல மழை. மரம் ஈரத்தைக் குடித்தால் நாருக்குக் குறுக்கே பருக்கும். காலையில் ஓட்டம் முடிந்து கோயில் வாசலில் குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து பதக்கத்தைச் சேர்க்கப் பார்த்தார்கள். ஒன்றும் நுழையவில்லை. ஒரு தகப்பனார் கல்லை எடுத்துத் தட்டினார். நாக்கு கழுத்தோடு முறிந்துபோயிற்று. மரத்தின் நார் நாக்கின் குறுக்கே ஓடும்படி நான் வெட்டியிருந்தது இரண்டாவது தவறு. தன் பதக்கம் உடைந்ததைப் பார்த்து அழுத அந்தப் பிள்ளையின் முகம் இன்னும் என் கண்முன் நிற்கிறது.

மூன்றாவது தவறுதான் பெரியது. அது அளவுகோலில் அகப்படாத தவறு.

எங்கள் லயத்தில் குடியிருந்த பெரியம்மா ஒருவர் அன்று வந்திருந்தார். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பால் வெட்டியவர். கணவர் காலமாகிவிட்டார். பிள்ளைகள் தூர தேசத்தில். புந்தோங்கில் தங்கை வீட்டில் இருந்தவர், தனியாக பஸ் ஏறி வந்து, ஒரு கிலோமீட்டர் தூரத்தையும் வெறுங்காலோடு நடந்து முடித்தார். கழுத்தில் வலச்சிற்றிலையைப் போட்டுவிட்டோம். கொஞ்ச நேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவர் என்னிடம் வந்து, "தம்பி, இது எதோட சேரும்?" என்று கேட்டார்.

எனக்குப் பதில் வரவில்லை. மூன்று தலைமுறையும் ஒருசேர வந்து ஓடும் குடும்பத்தை மனத்தில் வைத்துக்கொண்டு நான் வரைந்திருந்தேன். தோட்டம் கலைந்தபோது அப்படிப்பட்ட குடும்பங்களும் கலைந்துவிட்டன என்பதை மறந்துபோனேன். அன்று மேசையில் பார்த்தபோது இடச்சிற்றிலைகள் மிஞ்சிக் கிடந்தன, வலச்சிற்றிலைகள் போதவில்லை. சேர வேண்டும் என்று செய்த பதக்கம், யார் யாருக்கு ஆள் இல்லை என்பதை ஊரறியக் காட்டிக் கொடுத்துவிட்டது.

ஒரே வடிவம், யாரோடும் சேரும்

அடுத்த இரண்டு ஆண்டுகள் பெருந்தொற்றால் ஓட்டமும் இல்லை, திருவிழாக் கூட்டமும் இல்லை. வீட்டிலிருந்தபடி மீண்டும் வரைபடத்தை எடுத்தேன். இடம், நடு, வலம் என்ற வேறுபாட்டை அடியோடு விட்டுவிட்டேன். எல்லாருக்கும் ஒரே வடிவம். மூன்றை எடுத்தால், எந்த மூன்றாக இருந்தாலும், ஓர் இலை.

அதன் அமைப்பைச் சொல்கிறேன். ஓர் அட்டையில் வெட்டிப் பார்த்தால் எளிதில் விளங்கும். முழு வட்டம் 360 பாகை. மூன்றால் வகுத்தால் 120. ஆகவே ஒவ்வொரு சிற்றிலையின் அடிப்பகுதியும் 120 பாகைக் கோணத்தில் கூராக முடியவேண்டும். அந்தக் கூரிலிருந்து இரு பக்கமும் 30 மில்லிமீட்டர் நீளத்துக்கு நேர்க்கோடு; அதன்பின் இலையாக வளைந்து நுனிக்குப் போகலாம். வலப்பக்க நேர்க்கோட்டின் நடுவில், அதாவது கூரிலிருந்து 15 மில்லிமீட்டரில், ஒரு நாக்கு. இடப்பக்க நேர்க்கோட்டில் அதே 15 மில்லிமீட்டரில் ஒரு குழி. ஒன்றன் நாக்கு அடுத்ததன் குழிக்குள் போகும். மூன்றாவதன் நாக்கு முதலாவதன் குழிக்குள் வந்து வட்டம் மூடும். இயற்கையில் மூன்று சிற்றிலைகளும் இப்படிச் சமமாகச் சுற்றி நிற்பதில்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். பொருத்தத்துக்காக அந்த அளவு சுதந்திரம் எடுத்துக்கொண்டோம்.

கவனிக்க வேண்டியவை சில உண்டு.

நாக்கின் அடி குறுகி, தலை அகன்று இருக்கவேண்டும். நேரான நாக்கு என்றால் பக்கவாட்டில் இழுத்தவுடன் உருவிக்கொண்டு வந்துவிடும். எங்கள் நாக்குக்குத் தலை ஒன்பது மில்லிமீட்டர், கழுத்து ஆறு மில்லிமீட்டர். கழுத்து, பலகைக் கனத்தின் இரு மடங்குக்குக் குறையாமல் இருக்கவேண்டும் என்பது நாங்கள் உடைத்துக் கற்ற விதி. மூலைகள் எல்லாம் வளைவாக இருக்கட்டும். கூர்மூலையில்தான் விரிசல் தொடங்கும்.

தலை அகன்ற நாக்கைப் பக்கத்திலிருந்து நுழைக்க முடியாது. மேலிருந்து அழுத்த வேண்டும். இதனால் ஒரு நன்மையும் உண்டு. மூன்றாவது சிற்றிலையை இரண்டு மூட்டுகளிலும் ஒரே அழுத்தில் இறக்கிவிடலாம். ஆனால் சேர்த்த இலையைக் கையில் தூக்கினால் உறுதியாக நிற்கும் என்று சொல்வதற்கில்லை. சுவரில் மாட்ட விரும்புவோருக்கு, பின்னால் ஒட்டிக்கொள்ள ஒரு மெல்லிய வட்டப் பலகையும் தருகிறோம்.

கோணத்தில் தவறு வந்தால் அது குவியும். ஒரு சிற்றிலையில் ஒரு பாகை குறைந்தால், மூன்றிலும் சேர்ந்து மூன்று பாகை. 30 மில்லிமீட்டர் தொலைவில் அது ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் வாய் பிளக்கும். பத்துச் சதுரங்களை அளந்ததுபோல், மூன்று சிற்றிலைகளை வெட்டிச் சேர்த்துப் பார்த்துவிட்டுத்தான் மீதியை வெட்டச் சொல்லவேண்டும். மூன்றும் ஒரே பலகையிலிருந்து வந்தவையாக இருந்தாலும் போதாது. வெவ்வேறு பலகையிலிருந்து ஒவ்வொன்று எடுத்துச் சேர்த்துப் பார்க்கவேண்டும். யாருடையதும் யாருடையதோடும் சேரவேண்டும் என்றால், அந்தச் சோதனையே உண்மைச் சோதனை.

இடைவெளி வேண்டும். வெளிக்கோட்டை 0.1 தள்ளுவதற்குப் பதிலாக 0.05 மட்டும் தள்ளினோம். நாக்குக்கும் குழிக்கும் இடையில் மொத்தம் 0.2 மில்லிமீட்டர் மிச்சம். வார்னிஷை முக்கி எடுப்பதை நிறுத்தி, வெட்டுவதற்கு முன்பே பலகையின் முகத்தில் மட்டும் பூசினோம். வெட்டு முகங்கள் பூச்சில்லாமல் இருக்கும். பூசியபின் மேலே காகித நாடா ஒட்டி வெட்டினால் புகைக்கறையும் படியாது.

தனிப்பலகையை விட்டு, ரப்பர் மரத்தாள்களை ஒன்றன்மேல் ஒன்று நார் குறுக்காக ஒட்டிய மூன்று மில்லிமீட்டர் பிளைவுட்டுக்கு மாறினோம். ஒரு தாள் பருக்க நினைத்தால் அடுத்த தாள் தடுக்கும். நாக்கும் எந்தத் திசையிலும் எளிதில் முறியாது.

தனியாகத் தொங்கும்போதும் அழகு கெடக்கூடாது. நாக்கு ஒரு பக்கம் நீண்டு, குழி ஒரு பக்கம் குறைந்திருப்பதால் எடை சமமாக இருக்காது. நாடாத் துளையை இலை நுனியின் நட்டநடுவில் போட்டால் பதக்கம் சற்றுச் சாய்ந்து தொங்கும். அட்டையில் வெட்டிய மாதிரியைக் குண்டூசியில் தொங்கவிட்டு, அதே ஊசியில் ஒரு நூல்குண்டும் கட்டி, நூல் போகும் கோட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். வேறோர் இடத்தில் குத்தி மறுபடி செய்தால் இரண்டு கோடுகளும் வெட்டும் இடமே எடைமையம். துளை அந்த மையத்துக்கு நேர் மேலே இருக்கவேண்டும்.

தமிழ் எழுத்தைப் பொறிப்பது

ஒவ்வொரு சிற்றிலையிலும் ஓடியவரின் பழைய தோட்டத்துப் பெயரைப் பொறிக்க முடிவு செய்தோம். எங்கள் தோட்டம் மட்டுமின்றி அக்கம்பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் அன்பர்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். பத்திரத்தில் ஆங்கிலப் பெயர் ஒன்று, நம் மக்கள் வாயில் வழங்கிய பெயர் வேறொன்று. பதிவு செய்யும்போது அவரவர் சொன்ன பெயரையே எழுதிக்கொண்டோம்.

கடைக் கணினியில் கோப்பைத் திறந்தபோது கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கமாக எழுத்துகள் சிதறின. அந்தக் கணினியில் தமிழ் எழுத்துரு இல்லை. வீட்டிலேயே எழுத்துகளை எல்லாம் கோடுகளாக மாற்றிவிட்டுக் கோப்பைக் கொடுத்தால் இத்தொல்லை வராது. இன்னொன்று: எழுத்தைப் பலகையில் ஊடுருவ வெட்டினால் க, த, ழ போன்ற எழுத்துகளின் சுழிக்குள் இருக்கும் துண்டு உதிர்ந்துபோய், எழுத்து ஓட்டையாகிவிடும். ஆகவே எழுத்தைக் குறைந்த சக்தியில் மேலாகப் பொறிப்பதே நல்லது.

செலவைப் பற்றிச் சில வார்த்தைகள்

குழுக் கூட்டத்தில் மூத்தவர் ஒருவர் எழுந்து, "இந்தக் காசில் இரண்டு பிள்ளைகளுக்குப் பள்ளிப் பை வாங்கலாமே, ஐயா" என்றார். நியாயமான கேள்வி. தருமக் காசைத் தொடுகிற எவரும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி. உலோகத்தை வார்த்துச் செய்யும் பதக்கத்துக்கு முதலில் அச்சு செய்யவேண்டும். ஐம்பது செய்தாலும் ஆயிரம் செய்தாலும் அச்சுக் கூலி ஒன்றே. லேசருக்கு அச்சு இல்லை. நூற்றுச் சொச்சம் பதக்கம் செய்யும் எங்களைப் போன்ற சிறிய குழுவுக்கு இதுவே சிக்கனம். அப்படியும் செலவு செலவுதான். ஆகவே முதல் மூன்று இடத்துக்கான கோப்பைகளையும் பரிசுக் கூடைகளையும் நிறுத்திவிட்டோம். முதலில் வந்தவருக்கும் கடைசியில் வந்தவருக்கும் ஒரே சிற்றிலை. பதிவுக் கட்டணத்தில் மிஞ்சியதைப் பிள்ளைகளின் படிப்புக்குக் கொடுத்தோம். அந்த மூத்தவரே மறு ஆண்டு ஒரு கிலோமீட்டர் நடந்தார்.

ஓடி வென்ற பெருமையை நாங்கள் குறைத்துவிட்டதாக யாரும் எண்ண வேண்டாம். கோலகங்சாரில் பிறந்த டாக்டர் எம். ஜெகதீசன் 1966 பேங்காக் ஆசிய விளையாட்டில் மூன்று தங்கம் வென்றார். அதே போட்டியில் எம். ராஜாமணி மகளிர் 400 மீட்டரில் தங்கம் வென்றார். இவ்விருவரின் வரலாற்றையும் ஓட்டத்துக்குமுன் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். ஜெகதீசனின் தங்கங்களில் ஒன்று நால்வர் சேர்ந்து ஓடிய தொடரோட்டத்தில் கிடைத்தது என்பதையும் சேர்த்தே சொல்கிறோம்.

பழையதும் புதியதும்

2022இல் ஓட்டம் மீண்டும் நடந்தது. மேசைமேல் வைத்து அழுத்தியவுடன் சிற்றிலைகள் கவ்விக்கொண்டன. பெயர் தெரியாதவர்கள் ஒருவரையொருவர் தேடிப் போய், "உங்க தோட்டம் எது?" என்று கேட்டுச் சேர்த்துப் பார்த்ததைக் கண்டேன். மூன்று தோட்டத்துப் பெயர்கள் ஓர் இலையில் நின்றன.

பெரியம்மாவும் வந்திருந்தார். இம்முறை நடக்க முடியவில்லை. தங்கை மகன் கைத்தாங்கலாக அழைத்து வந்தான். புதிய பதக்கத்தை வாங்கிக்கொண்டவர், முந்தானையில் முடிந்து வைத்திருந்த 2019ஆம் ஆண்டுப் பதக்கத்தையும் எடுத்து மேசைமேல் வைத்தார். "இதுக்கு இன்னும் ஜோடி வரலியே, தம்பி" என்றார். புதிய வடிவத்தோடு பழையது சேராது என்பதைச் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

அந்தப் பதக்கத்தை ஒரு வாரம் இரவல் கேட்டு வாங்கிக்கொண்டேன். பழைய வரைபடம் கணினியில் இருந்தது. ஆனால் மூன்று ஆண்டுகளில் மரம் சற்று மாறியிருந்தது, வார்னிஷ் வேறு. வெர்னியர் அளவியால் மூட்டை ஐந்து இடத்தில் அளந்து, அதற்கேற்பத் திருத்தி, பழைய நடுச்சிற்றிலையும் இடச்சிற்றிலையும் ஒவ்வொன்று வெட்டினேன். ஒன்றில் அவர் கணவர் முதலில் வேலை செய்த தோட்டத்தின் பெயர். மற்றொன்றில் எங்கள் தோட்டத்தின் பெயர். புந்தோங்குக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவரே மேசைமேல் வைத்து அழுத்தினார். பொருந்திற்று. "இப்ப சரி" என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து ஒரு விதி வைத்துக்கொண்டோம். படம் ஆண்டுக்கு ஆண்டு மாறலாம், நிறம் மாறலாம், நாடா மாறலாம். மூட்டின் அளவு மட்டும் மாறாது. ஈரத்தில் மரம்போல் பருக்காத அக்ரிலிக்கில் அந்த நாக்கையும் குழியையும் அளவுத் துண்டாக வெட்டிக் கோயில் அலமாரியில் வைத்திருக்கிறோம். ஒவ்வோர் ஆண்டும் பதக்கங்கள் வந்தவுடன் அந்தத் துண்டில் பொருந்துகிறதா என்று பார்த்த பிறகே பெட்டியில் அடுக்குகிறோம். இன்றைக்கு ஓடும் பிள்ளை இன்னும் பத்து ஆண்டு கழித்து வந்தாலும், அவன் இலையோடு சேர அன்றைய இலை தயாராக இருக்கவேண்டும்.

இதுபோன்ற ஓட்டங்களை நடத்த விரும்பும் குழுக்கள் வரைபடத்தையும் அளவுத் துண்டின் நகலையும் எங்களிடம் தாராளமாகக் கேட்டுப் பெறலாம். ஒரே மூட்டளவை எல்லாரும் வைத்துக்கொண்டால், தாப்பாவில் ஓடியவரின் சிற்றிலையும் தெலுக் இந்தானில் ஓடியவரின் சிற்றிலையும் சுங்கை சிப்புட் சிற்றிலையோடு சேரும். தோட்டங்கள் போய்விட்டன. தோட்டத்து மக்கள் இன்னும் இருக்கிறோம்.